பச்சைக்கல் வண்டின் முகவரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த, பண்டைய எகிப்தின் தாயத்துகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளரின் நடை சரளமாக இருந்தது. தமிழ் வாசகர்களுக்கு இத்தகைய செய்திகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற அவருடைய ஆர்வத்தையும் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும், பக்கத்தின் நடுவே பெரிதாக அச்சாகியிருந்த படத்தின் கீழே ‘கோடிகள் பெறும் மந்திர வண்டு’ என்ற நான்கு சொற்களுக்கு மேல் எதுவும் இல்லை. அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எந்த மண்ணில் கிடைத்தது, யாருடைய உடலின்மேல் வைக்கப்பட்டிருந்தது, எப்படி அங்கிருந்து புறப்பட்டது என்பவற்றில் ஒன்றுகூட அச்சேறவில்லை. இந்தக் குறையைச் சுட்டிக்காட்டவே இதனை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

படத்தில் இருந்தது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இ.ஏ. 7876 என்ற பதிவு எண்ணில் உள்ள தாயத்து. நீளம் நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஜாஸ்பர் எனப்படும் பச்சைக்கல்லில் செதுக்கிய வண்டின் உடல்; தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனித முகம். அந்தக் கல் ஒரு தங்கப் பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. வண்டின் கால்கள் கல்லில் இல்லை, பீடத்தின் தங்கத்தில் இருக்கின்றன. பீடத்தின் பக்கவாட்டிலும் அடியிலும் எகிப்திய எழுத்துகள் ஓடுகின்றன. கல்லைச் செதுக்கிய கையின் நேர்த்தி தங்கத்தில் எழுதிய கைக்கு இல்லை. எழுத்துகள் கரடுமுரடாகவே வெட்டப்பட்டுள்ளன. அந்த எழுத்துகளுக்கு நடுவே சோபெக்கெம்சாஃப் என்ற அரசனின் பெயர் இருக்கிறது. தீப்ஸ் (இன்றைய லக்சோர்) நகரிலிருந்து ஆண்ட 17-ஆம் அரச மரபைச் சேர்ந்தவன் அவன்; காலம் ஏறத்தாழ கி.மு. 16-ஆம் நூற்றாண்டு. இதய வண்டு என்று அழைக்கப்படும் வகையில் இன்று நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று.

இதயத்துக்கும் வண்டுக்கும் என்ன தொடர்பு என்பதைக் கட்டுரை ஒரே வரியில் ‘மந்திரம்’ என்று சொல்லி முடித்துவிட்டது. உண்மையில் இதன் பின்னால் ஒரு முழு வழக்காடு மன்றமே இருக்கிறது. எகிப்தியர்களுக்கு எண்ணமும் நினைவும் மனச்சான்றும் குடியிருந்த இடம் இதயம். உடலைப் பாடம் செய்யும்போது மூளையை அவர்கள் அகற்றி எறிந்தார்கள். இதயத்தையோ பெரும்பாலும் உடலிலேயே விட்டுவைத்தார்கள். இறந்தவன், இறந்தோர் உலகின் தலைவனான ஒசிரிஸ் தெய்வத்தின் முன் நிறுத்தப்படும்போது, தராசின் ஒரு தட்டில் அவனுடைய இதயமும் மறு தட்டில் மாஅத் என்னும் அறத்தின் இறகும் வைக்கப்படும். தோத் என்ற தெய்வம் எழுதுகோலுடன் முடிவைப் பதிவு செய்யக் காத்திருக்கும். முதலைத் தலையும் சிங்கத்தின் முன்னுடலும் நீர்யானையின் பின்னுடலும் கொண்ட அம்மித் என்ற உருவம், இதயம் குற்றச்சுமையுடையது என்று தெரியவந்தால் அதை விழுங்கிவிடத் தயாராக அருகே அமர்ந்திருக்கும்.

இங்கேதான் சிக்கல். வாழ்நாள் முழுவதும் கூடவே இருந்த இதயத்துக்கு எல்லாம் தெரியும். அது வாய்திறந்தால் என்ன செய்வது? ஆகவே அதனிடமே மன்றாடினார்கள். மறுமைப் பயணத்துக்கான மந்திரப் பாடல்களின் தொகுப்பான இறந்தோர் நூலின் 30ஆ என எண்ணிடப்பட்ட பாடல், ‘என் தாயிடமிருந்து நான் பெற்ற இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழுந்து நிற்காதே, மன்றத்தில் என்னை எதிர்க்காதே, தராசைக் காப்பவன் முன்னே என்மீது பகை கொள்ளாதே’ என்ற பொருளில் தொடங்குகிறது. இதை ஒரு பச்சைக்கல் வண்டில் எழுதி, உயர்ந்த தங்கத்தால் கட்டி, வெள்ளி வளையம் பூட்டி, இறந்தவரின் கழுத்தில் இட வேண்டும் என்று பாடலின் இறுதியில் உள்ள குறிப்பே கூறுகிறது. சாணி உருட்டும் வண்டைத் தேர்ந்தெடுத்தது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உருண்டையை உருட்டிச் செல்லும் அந்தப் பூச்சியில் அவர்கள் காலைச் சூரியனை உந்திச் செல்லும் கெப்ரி தெய்வத்தைக் கண்டார்கள்; மண்ணிலிருந்து புதிய வண்டுகள் வெளிவருவதில் மறுபிறப்பைக் கண்டார்கள். குற்றத்தை மறைக்க ஒரு சாட்சியைச் சரிக்கட்டும் இந்த ஏற்பாடு, அறத்தின் இறகை அத்தனை உயர்வாக வைத்த அதே மக்களிடமிருந்து வந்தது என்பது எனக்கு எப்போதும் சுவையான முரணாகவே படுகிறது.

இதுவரை சொன்னது எல்லா இதய வண்டுகளுக்கும் பொருந்தும். இந்தக் குறிப்பிட்ட வண்டுக்கென்று ஒரு தனிக் கதை உண்டு. அதுவே என் கடிதத்தின் மையம்.

சோபெக்கெம்சாஃப் இறந்து 400 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், ஒன்பதாம் ராமசேஸ் ஆட்சியின் 16-ஆம் ஆண்டில், தீப்ஸின் மேற்குக் கரையில் அரசர்களின் கல்லறைகள் கொள்ளையடிக்கப்படுகின்றன என்ற புகார் எழுந்தது. அப்போது நடந்த விசாரணையின் ஆவணங்கள் பாப்பிரஸ் சுவடிகளாக இன்றும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் வரலாறு தனிக்கதை. அதன் கீழ்ப்பாதி ஆம்ஹர்ஸ்ட் பிரபுவின் தொகுப்பில் இருந்து, பிறகு நியூயார்க்கின் மார்கன் நூலகத்துக்குப் போயிற்று. மேற்பாதி, பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு மரச்சிலையின் உள்ளே சுருட்டி வைக்கப்பட்டிருந்ததை ஜான் கப்பார் என்ற அறிஞர் 1935-இல் கண்டுபிடித்தார். அதுவரை அந்தச் சிலையைப் பார்த்துச் சென்றவர் எவருக்கும், அதனுள் ஒரு திருடனின் வாக்குமூலம் இருப்பது தெரியாது.

வாக்குமூலம் அளித்தவன் பெயர் அமென்பனுஃபெர். கர்னாக்கின் அமுன் கோயிலைச் சேர்ந்த கல்தச்சன். தானும் கூட்டாளிகளும் செப்புக் கருவிகளுடன் சென்று சோபெக்கெம்சாஃபின் பிரமிடைக் குடைந்ததையும், விளக்கேந்தி உள்ளே இறங்கியதையும், அரசனும் அவனருகே அரசி நூப்கா-ஆஸும் கிடந்ததையும், சவப்பெட்டிகளைத் திறந்ததையும் அவன் வரிசையாகச் சொல்கிறான். அரசனின் உடலருகே வளைந்த வாள் ஒன்று இருந்தது, கழுத்தில் ஏராளமான தாயத்துகளும் பொன்னணிகளும் இருந்தன, முகத்தின்மேல் பொன் கவசம் இருந்தது என்கிறான். எல்லாவற்றையும் உரித்து எடுத்துக்கொண்டு, சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேர், ஆளுக்கு 20 டெபென் தங்கம், மொத்தம் 160 டெபென், அதாவது நம் கணக்கில் 14 கிலோவுக்கும் மேல். சில நாள்களில் அவன் பிடிபடுகிறான். தன் பங்கு 20 டெபெனையும் கேமோப்பே என்ற எழுத்தரிடம் கொடுத்துவிட்டு வெளியே வருகிறான், கூட்டாளிகள் அவனுடைய நட்டத்தை ஈடுசெய்கிறார்கள், தொழில் தொடர்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைகள் நமக்குப் புதியன அல்ல என்றாலும், 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய லஞ்சக் கணக்கு ஒன்று தொகை, பெயர், பதவி சகிதம் கிடைப்பது அரிது.

அப்படியானால், ஓர் அரசனின் கழுத்திலிருந்த தாயத்துகள் எல்லாம் கொள்ளைபோய் உருக்கப்பட்டிருக்க, அவன் பெயர் பொறித்த இந்த வண்டு மட்டும் தங்கப் பீடத்தோடு எப்படித் தப்பியது?

விடையின் ஒரு பகுதி மற்றொரு சுவடியில் இருக்கிறது. அதே 16-ஆம் ஆண்டில் அதிகாரிகள் 10 அரச கல்லறைகளை நேரில் சென்று பார்வையிட்டார்கள். அந்த ஆய்வறிக்கை ஆபட் பாப்பிரஸ் என்ற பெயரில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பத்தில் சோபெக்கெம்சாஃபின் கல்லறை மட்டுமே கொள்ளையடிக்கப்பட்டிருந்தது. நூப்கெப்பெர்ரே இன்டெஃப் என்ற மற்றோர் அரசனின் பிரமிடைப் பற்றிய பதிவு, வடபுறத்தில் திருடர்கள் இரண்டரை முழம் வரை குடைந்திருக்கிறார்கள், உள்ளே நுழைய முடியவில்லை, கல்லறை சேதமின்றி இருக்கிறது என்று சொல்கிறது. இந்த இன்டெஃபின் தந்தை பெயர் சோபெக்கெம்சாஃப் என்று பாலைவனக் கோயில் ஒன்றின் நிலைக்கல்லிலிருந்து தெரியவந்துள்ளது.

அடுத்த காட்சி 1827-இல். தீப்ஸ் மேற்குக் கரையில் திரா அபு எல்-நாகா என்ற குன்றுப் பகுதியில் உள்ளூர் மக்கள் ஒரு சிறிய கல்லறையைக் கண்டார்கள். சவப்பெட்டியைத் திறந்தார்கள், உடலை உடைத்து நகைகளைத் தேடினார்கள். அந்தச் சவப்பெட்டி இன்டெஃப் அரசனுடையது. எகிப்தில் பிரிட்டனின் தூதராக இருந்த ஹென்றி சால்ட்டுக்காகப் பழம்பொருள் திரட்டிய கிரேக்கரான ஜோவானி டி’அத்தனாசி, நம்முடைய இந்தப் பச்சைக்கல் வண்டு அந்த உடலின் மார்பில் இருந்தது என்று குறித்திருக்கிறார். சவப்பெட்டியும் வண்டும் 1835-இல் லண்டனில் சால்ட்டின் தொகுப்பு ஏலம் விடப்பட்டபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தால் வாங்கப்பட்டன. அதே 1835-இல்தான் எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி, பழம்பொருள்களை நாட்டிலிருந்து வெளியே கொண்டுசெல்லத் தடை விதித்து ஆணை பிறப்பித்தார். ஏலம் முந்திக்கொண்டது என்று சொல்வதா, ஆணை பிந்திவிட்டது என்று சொல்வதா என்பதை வாசகரின் விருப்பத்துக்கே விடுகிறேன்.

டி’அத்தனாசி சொன்னது சரியென்றால், தந்தையின் பெயர் பொறித்த தாயத்து மகனின் மார்பில் வைக்கப்பட்டிருந்தது. அமென்பனுஃபெரின் கூட்டம் நுழைந்த கல்லறையில் அது இல்லாததால்தான் தப்பியது. அவர் சொன்னது தவறென்றால், அந்தக் கூட்டம் விட்டுச்சென்றதோ சிந்தியதோ ஏதோ ஒருவகையில் அது 19-ஆம் நூற்றாண்டு வரை மண்ணில் கிடந்தது. சோபெக்கெம்சாஃப் என்ற பெயரில் அந்த மரபில் இருவர் ஆண்டதால், வண்டின்மேல் இருப்பது அவர்களில் யார் பெயர் என்பதிலும் அறிஞர்களிடையே வாதம் உண்டு. அந்த மரபின் வரிசையை யார் தந்தை, யார் மகன், யார் முன், யார் பின் என்று அமைப்பதில் ஒரு முக்கியக் கண்ணியாக இருக்க வேண்டிய பொருள் இது. அந்தக் கண்ணி தொங்குவதோ, தானே அகழாய்வு செய்யாத, உடலை உடைத்தவர்களிடமிருந்து கேட்டறிந்த, விற்பனையில் அக்கறை கொண்ட ஒருவரின் ஒற்றை வாக்கியத்தில். 2001-இல் ஜெர்மானிய அகழாய்வுக் குழு திரா அபு எல்-நாகாவில் இன்டெஃபின் பிரமிடு எச்சத்தைக் கண்டுபிடித்து, அதன் இடத்தை உறுதிசெய்தது. இடம் கிடைத்தது, 1827-இல் உடைந்த உடலின்மேல் எது எங்கே இருந்தது என்பதைச் சொல்ல இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

ஆகவேதான் ‘கோடிகள் பெறும்’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. தங்கத்துக்கும் பச்சைக்கல்லுக்கும் சந்தையில் ஒரு விலை இருக்கும். ஆனால் இந்த வண்டு நமக்குச் சொல்லக்கூடிய செய்தியில் பெரும்பகுதி, அது கிடந்த சில சென்டிமீட்டர் இடத்தில் இருந்தது. 1827-இல் அந்த உடலைப் பிரித்தவர்கள் ஒரு தாளில் நான்கு கோடுகள் வரைந்திருந்தால், இன்று நூலகங்களில் இருக்கும் பல பக்க விவாதங்களுக்குத் தேவையே இருந்திருக்காது.

அப்படிக் கோடு வரைந்தவர்களும் இருந்தார்கள். பிரிட்டிஷ் அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1889-இல் எகிப்தின் ஹவாராவில் உப்புநீர் நிரம்பிய ஆழ்குழியில் இறங்கி, ஒரு பூசாரியின் சவப்பெட்டியைப் பெரும்பாடுபட்டு வெளியே எடுத்தார். கரிய பிசினால் இறுகிப்போன துணியை அடுக்கடுக்காகத் தளர்த்தி, ஒவ்வொரு தாயத்தும் எந்த வரிசையில் எந்த இடத்தில் இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டே உரித்தார். இப்படிப் பல உடல்களிலிருந்து சேர்ந்த விவரங்களைக் கொண்டு 1914-இல் அவர் வெளியிட்ட தாயத்துகள் பற்றிய நூலில் 275 வகைகள் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன; உடலின்மேல் அவை அடுக்கப்பட்டிருந்த விதத்தைக் காட்டும் வரைபடங்களும் உண்டு. அவர் திரட்டியவை இன்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பெட்ரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதன் பட்டியலை இணையத்தில் எவரும் காசின்றிப் பார்க்கலாம்.

துட்டன்காமுன் என்ற எகிப்திய அரசனின் உடலை 1925 நவம்பரில் அகழாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டரும் மருத்துவர் டக்ளஸ் டெர்ரியும் பிரித்தபோது, கட்டுத் துணிகளின் இடுக்குகளில் 143 பொருள்கள் இருந்தன. அந்த உடலுக்குக் கார்ட்டர் 256 என்று எண் கொடுத்து, அதன்மேல் இருந்த ஒவ்வொன்றுக்கும் எழுத்து வரிசையில் உட்பிரிவு கொடுத்து, அட்டைகளில் எழுதிவைத்தார். கழுத்துப் பகுதியில் தாயத்துகள் அடுக்கின்மேல் அடுக்காக வைக்கப்பட்டிருந்ததும், ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே துணி சுற்றப்பட்டிருந்ததும் நமக்கு இன்று தெரிகிறது என்றால், அதற்கு அந்த அட்டைகளே காரணம். கார்ட்டர் அந்த உடலைக் கையாண்ட முறையில் குறைசொல்ல நிறைய இடமுண்டு. பிசினில் ஒட்டிக்கொண்ட உடலை எடுப்பதற்காக அதைத் துண்டுபடுத்தியதை இன்று எந்த அகழாய்வாளரும் ஏற்கமாட்டார். ஆனாலும் அவர் எழுதிவைத்தார். அந்த எழுத்துகள் ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டு, இணையத்திலும் திறந்து வைக்கப்பட்டுள்ளன.

கட்டுரையில் மற்றொரு வாக்கியம், எகிப்தியர் சாவைத் தவிர வேறொன்றையும் நினைக்காத மக்கள் என்றும், தாயத்துகளே அதற்குச் சான்று என்றும் கூறியது. இதுவும் இடக்குறிப்பை மறந்ததால் வரும் தவறே. கல்லறைகள் பாலைவன விளிம்பில் உலர்ந்த மண்ணில் இருந்தன, ஊர்களோ நைலின் ஈரக்கரையில் இருந்தன என்பதால், கல்லறைப் பொருள்களே நம் கைக்கு மிகுதியாக வந்து சேர்ந்தன. வீடுகளைத் தோண்டிய இடங்களில் வேறு காட்சி தெரிகிறது. 1891–92-இல் அமர்னா என்ற பண்டைய நகரத்தின் இடிபாடுகளில் பெட்ரி அகழ்ந்தபோது, ஃபையான்ஸ் மணிகளும் தாயத்துகளும் வார்க்கப் பயன்பட்ட சுட்ட மண் அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஃபையான்ஸ் என்பது களிமண் இல்லை. பொடித்த படிகக்கல் அல்லது மணலோடு சிறிது சுண்ணாம்பும் காரமும் செம்புச் சேர்மமும் கலந்து பிசைந்து, அச்சில் அழுத்தி எடுத்து, உலர்த்திச் சுட்டால் நீலமும் பச்சையுமாக மேனி பளபளக்கும் பொருள். அச்சில் அழுத்தியதன் அடையாளமாக இத்தகைய தாயத்துகள் பலவற்றின் பின்புறம் தட்டையாகவே இருக்கும். நீர்யானை உருவில் வயிறு பெருத்து நிற்கும் தாவெரெத் கருவுற்ற பெண்களுக்கும், குள்ள உருவில் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பெஸ் குழந்தைகளுக்கும் உறங்குவோருக்கும் காவல். ஒரு தாயத்தின் துளையோரம் கயிறு உரசித் தேய்ந்திருக்கிறதா, கூர்மை மாறாமல் இருக்கிறதா என்பதை உருப்பெருக்கியில் பார்த்தே, அது உயிரோடிருந்தவரின் கழுத்தில் ஆடியதா, சவத்துக்கென்றே செய்யப்பட்டதா என்று காப்பாட்சியர்கள் ஓரளவு சொல்லிவிடுவார்கள்.

குழந்தைகளைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. நம் வீடுகளில் யந்திரத் தகட்டைச் சுருட்டிக் கூட்டுக்குள் அடைத்துக் குழந்தையின் கழுத்தில் கட்டுவதைப் போலவே, கி.மு. 1000-ஐ ஒட்டிய காலத்தில் எகிப்தியரும் நீண்டு ஒடுங்கிய பாப்பிரஸ் கீற்றில் தெய்வ வாக்கை எழுதிச் சுருட்டி, சிறு குழல் வடிவக் கூட்டுக்குள் இட்டுக் குழந்தைகளுக்கு அணிவித்தார்கள். இன்ன பெயருடைய இந்தக் குழந்தையைப் பாம்புக்கடியிலிருந்தும் தேள் கொட்டுவதிலிருந்தும் சுவர் இடிந்து விழுவதிலிருந்தும் காப்போம் என்று தெய்வமே தன்மையில் பேசி உறுதியளிக்கும் ஆவணங்கள் அவை. லண்டன், பாரிஸ், டூரின் அருங்காட்சியகங்களில் இருக்கும் இக்கீற்றுகளை ஐ. இ. எஸ். எட்வர்ட்ஸ் 1960-இல் பதிப்பித்தார். பிள்ளை நலமாக வளர வேண்டும் என்ற கவலையைத் தவிர அவற்றில் வேறொன்றும் இல்லை.

எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1827 வரை போகவேண்டிய தேவையும் இல்லை. இதே பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2023 ஆகஸ்டில், தன் கிடங்கிலிருந்து பொருள்கள் காணாமல் போயும் திருடப்பட்டும் சேதமடைந்தும் இருப்பதாக அறிவித்தது. எண்ணிக்கை ஏறத்தாழ 2,000 என்று பின்னர் தெரியவந்தது. காணாமல் போனவை பெரும் சிலைகள் அல்ல. உள்ளங்கைக்குள் மறையக்கூடிய பதக்கக் கற்களும் சிறு நகைகளும். அவற்றுள் பல முறையாகப் பட்டியலில் ஏற்றப்படாதவை. எகிப்தியப் பிரிவில் இது நடக்கவில்லை. கிரேக்க, ரோமானியப் பிரிவில் நடந்தது. ஆயினும் பாடம் ஒன்றுதான். படமும் விவரமும் இல்லாத சிறு பொருள் காணாமல் போனால், அது போனதென்று சொல்லவே ஆள் இருக்காது. சந்தையில் எதிரே வந்து நின்றாலும் அடையாளம் காட்ட வழி இருக்காது. இயக்குநர் பதவி விலகினார். அதே ஆண்டு அக்டோபரில், தொகுப்பு முழுவதையும் ஐந்தாண்டுகளில் மின்பதிவில் ஏற்றப்போவதாக அருங்காட்சியகம் அறிவித்தது. 80 லட்சம் பொருள்கள் இருப்பதாகப் பெருமை பேசிவந்த இடம் அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2013 ஆகஸ்டில், எகிப்தின் மின்யா மாவட்டத்தில் உள்ள மல்லாவி அருங்காட்சியகம் கலவரத்தின்போது சூறையாடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் போயின. அங்கே பதிவேடு இருந்தது. களவுபோனவற்றின் பட்டியல் வெளியிடப்பட்டது. பெரும்பகுதி மீட்கப்பட்டு, 2016-இல் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டது. செல்வத்திலும் ஆள்பலத்திலும் லண்டனோடு ஒப்பிடவே முடியாத ஒரு மாவட்டக் காட்சியகம் இதைச் செய்து காட்டியது என்பதைக் கட்டுரையாளர்கள் எப்போதாவது எழுத வேண்டும்.

கட்டுரையின் முடிவில், இத்தகைய தாயத்துகளை இணையத்தில் ‘ஆர்வலர்கள் வாங்கிச் சேர்ப்பதாக’ ஒரு செய்தி, எந்த எச்சரிக்கையும் இன்றி இடம்பெற்றிருந்தது. அது எனக்கு மிகுந்த வருத்தத்தை அளித்தது. எகிப்தின் 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் சட்டம் தொல்பொருள் வணிகத்தைத் தடைசெய்து, அகழாய்வில் கிடைத்தவற்றைக் கண்டெடுத்தவர்களோடு பங்கிட்டுக்கொள்ளும் பழைய முறையையும் பெருமளவு கட்டுப்படுத்தியது. பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத இடப்பெயர்வைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970 முதலே இருக்கிறது. எங்கே கிடைத்தது, எப்போது, எந்த ஆவணத்தின்படி எகிப்தைவிட்டு வெளியேறியது என்று சொல்லமுடியாத ஒரு தாயத்து இன்று விற்பனைக்கு வந்தால், அது லக்சோர் கடைத்தெருவுக்காகச் செய்த போலியாக இருக்கலாம். அல்லது அமென்பனுஃபெரின் தொழிலை இன்றும் தொடரும் ஒருவர் கைமாற்றியதாக இருக்கலாம். போலியென்றால் வாங்கியவரின் பணம் மட்டும் போகும். உண்மையானது என்றால், ஒரு கல்லறையே போயிருக்கும். அத்தகைய பொருளை வாங்குவதைப் பொழுதுபோக்காக அறிமுகம் செய்வது ஒரு நாளிதழுக்கு அழகில்லை.

கட்டுரையில் இருந்த ‘சாபம்’ என்ற பகுதியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரு பத்திக்கும் மேல் இடம் எடுத்துக்கொண்ட அந்த விஷயத்துக்கு மறுப்பு எழுதினால், அது இன்னொரு பத்தி இடத்தை எடுத்துக்கொள்ளும்.

தங்களிடம் என் வேண்டுகோள் எளியது. இனி இத்தகைய பொருள்களின் படத்தை வெளியிடும்போது, அது இருக்கும் அருங்காட்சியகத்தின் பெயரையும் பதிவு எண்ணையும், கிடைத்த இடம் தெரிந்தால் அதனையும், அங்கு வந்து சேர்ந்த ஆண்டையும் வழியையும் படத்தின் கீழ் ஒரு வரியில் தருமாறு உதவி ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள். கிடைத்த இடம் தெரியாது என்றால், ‘கிடைத்த இடம் பதிவாகவில்லை’ என்றே அச்சிடுங்கள். அதுவும் வாசகருக்குத் தேவையான செய்திதான். பெரும்பாலான பெரிய அருங்காட்சியகங்களின் பட்டியல்கள் இணையத்தில் திறந்தே இருப்பதால், இதற்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஆகாது. விலை குறித்த சொற்களை அந்த வரியிலிருந்து நீக்கிவிட்டால் இடமும் போதுமானதாக இருக்கும்.

வெளியான படத்துக்கு அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட இயலுமானால், அதைப் பின்வருமாறு அமைக்கலாம்: சோபெக்கெம்சாஃப் அரசனின் இதய வண்டு, பச்சை ஜாஸ்பரும் தங்கமும், 17-ஆம் அரச மரபு, பிரிட்டிஷ் அருங்காட்சியகம், இ.ஏ. 7876, தீப்ஸ் மேற்குக் கரையில் 1827-இல் இன்டெஃப் அரசனின் கல்லறையில் கிடைத்ததாக டி’அத்தனாசி கூறியது, ஹென்றி சால்ட் தொகுப்பு ஏலத்தில் 1835-இல் வாங்கப்பட்டது. ‘கூறியது’ என்ற சொல்லை மட்டும் இடம் போதவில்லை என்று வெட்டிவிட வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
நீண்டகால வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.